கல்லா நாற்காலிக்கு ஓர் ஆள்

ஜட்ஜம்மாவைப் பெற்றவளுக்கு, கடையிலிருந்து எழுதுவது.

கடைக்கு எடுத்த மேனேஜர் ஒன்பதாம் நாள் போய்விட்டான். சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை. மத்தியானம் சாப்பிடப் போனவன் கேரியரோடு அப்படியே போய்விட்டான்.

எனக்கு உடம்பு பரவாயில்லை. முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். நீ கவலைப்படும்படி ஒன்றும் இல்லை என்பதை முதலில் எழுதிவிட்டேன்.

உன் கடிதம் வந்தது. ஃபோன் இருக்கும்போது இவள் ஏன் எழுதுகிறாள் என்று யோசித்தேன். ஃபோனில் நான்தான் பேசுவேன், நீ 'ம்' போடுவாய், நடுவில் கடை ஃபோன் அடிக்கும், வைத்துவிடுவேன். காகிதத்துக்கு நடுவில் யாரும் வரமுடியாது. அதனால் நானும் எழுதுகிறேன்.

பேத்தி சோபாவைப் பிடித்துக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடக்கிறாள் என்று எழுதியிருந்தாய். நாலு முறை படித்தேன். கடைசி வரியில், இங்கே என்னிடம் விட்டுப்போன உன் பீரோ சாவியைத் தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தாய். மகள் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று சொல்லிப் போனவளுக்குப் பதினான்கு மாதம் ஆகிறது. முப்பத்தோரு வருஷம் வாங்கி விற்றவன் நான். ஒருவர் எதைக் கேட்கிறார் என்பதைவிட எதைக் கேட்காமல் விட்டார் என்றுதான் பார்ப்பேன். எப்போது வருவீர்கள் என்று இந்தத் தடவை நீ கேட்கவில்லை.

பூட்டிவிட்டு வந்தால் என்ன என்று முன்பெல்லாம் கேட்பாய். உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் எழுதிப் பார்த்தால்தான் எனக்கே விளங்குகிறது. மெஷின் நின்றவன் நம் கடைக்கு ஓடிவருகிறான். ஷட்டர் இறங்கியிருந்தால் எதிர்க்கடைக்குப் போவான். அங்கே கிடைத்துவிட்டால் மறுபடி இங்கே வரமாட்டான். சரி, பூட்டாமல் ஆளை விட்டு வரலாம் என்றால், நாலாயிரத்துச் சொச்சம் வகை பேரிங், பெல்ட், ஆயில் சீல். ஒரு பெட்டியிலும் பெயர் கிடையாது, ஒரு ரேக்கிலும் எண் கிடையாது. எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது.

நம்மிடம் ஆறு வருஷம் இருந்தவன் பட்டியலை நகல் எடுத்துக்கொண்டு போய் எதிரிலேயே கடை திறந்த அன்று, நானே உட்கார்ந்து லேபிள்களைக் கிழித்தேன். ரேக்குகளை இடம் மாற்றினேன். நீ டீ கொண்டுவந்து வைத்தாய். இனிமேல் எவன் போனாலும் கையை வீசிக்கொண்டு போகட்டும் என்று உன்னிடம் சொன்னேன். அப்படியேதான் ஆயிற்று. அதற்குப் பிறகு எவனும் எதையும் கொண்டுபோகவில்லை. நானும் எங்கேயும் போகவில்லை. காய்ச்சலில் படுத்தாலும் தலையணைக்குப் பக்கத்தில் ஃபோன். மகள் கல்யாணப் போட்டோவைப் பார், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிறேன், காதில் ஃபோன். மூன்றாவது ரேக், கீழ்த்தட்டு, இடது கோடி என்று சொல்லிக்கொண்டிருந்தேன் அப்போது. இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆள் தேடாமல் இல்லை. முதலில் வந்தவர் டிராக்டர் ஸ்பேர் கடையில் பதினைந்து வருஷம் இருந்த கண்ணாடிக்காரர். நல்ல சரக்கு என்று பார்த்ததும் தெரிந்தது. பிடித்துப்போனால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். விலை இறங்கட்டும் என்று மூக்கைச் சுளிப்பேன். அன்று காலைதான் சப்ளையர் ஒருவர் பெல்ட் காட்டிக்கொண்டிருந்தார். ஓரம் பிரிகிறதே, பழைய ஸ்டாக் மாதிரி இருக்கிறதே என்று அவரிடம் பேசிக்கொண்டே இந்தப் பக்கம் திரும்பி, வயசாகிவிட்டதே, கண்ணாடி இவ்வளவு தடிமனா, பதினைந்து வருஷமாக வேறு எவனும் கூப்பிடவில்லையா என்று கண்ணாடிக்காரரிடமும் கேட்டேன். நடுவில் மூன்று ஃபோன், நாலு வாடிக்கை. மனிதர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "பெல்ட்டுகிட்ட பேசின மாதிரியே எங்கிட்டயும் பேசறீங்க ஐயா. பெல்ட்டுக்கு ரோஷம் கிடையாது, எனக்கு இருக்கு" என்றார். இப்போது எதிர்க்கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். தினமும் பார்க்கிறேன். அந்தக் கண்ணாடி வழியாக அவரும் என்னைப் பார்க்கிறார்.

இரண்டாவது ஆள்தான் ஒன்பது நாள் ஆள். அவனைக் குறை சொல்லாமல் நயமாகப் பேசினேன். வாடகைச் சைக்கிளில் பெல்ட் கட்டிக்கொண்டு பட்டறை பட்டறையாக அலைந்தது, முதல் ரேக் வாங்கியது, எல்லாம் முக்கால் மணி நேரம் சொன்னேன். சரியான இடத்தில் ஆச்சரியப்பட்டான், சரியான இடத்தில் உச்சுக்கொட்டினான். இப்படி ஒரு விவரமானவனைப் பார்த்ததே இல்லை என்று அங்கேயே வேலை கொடுத்தேன். பிறகு யோசித்தால், அவன் பத்து வார்த்தை பேசவில்லை. பேரிங்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நம்பர் தேடினான்.

நம் மகள், வீட்டில் என்னை விசாரிக்கிற அந்த ஜட்ஜம்மா, ஆபீஸில் ஆள் எடுக்கிற வேலைதானே பார்க்கிறாள். எப்படிக் கேட்பது, எப்படி உட்காரவைப்பது என்று எழுதித் தரச் சொல். நான் கேட்டதாகச் சொல்லாதே. சொன்னாலும் பரவாயில்லை.

சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. தபாலில் போட்டால் தொலைந்துவிடும். கொஞ்சம் பொறு.

பேத்திக்கு என் முத்தத்தை உன் வாயால் கொடுக்கவும்.

கடைக்காரன்

*

பேத்தியின் பாட்டிக்கு,

அவள் அனுப்பிய நாலு தாள் கிடைத்தது. டைப் அடித்து, எண் போட்டு, ஆபீஸ் சுற்றறிக்கை மாதிரி இருந்தது. அப்பா என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. முகம் பார்க்காத ஆளுக்கு எழுதுவதுபோல எழுதியிருந்தாள். ஆனால் விஷயம் சுத்தம், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆளைத் தேடுவதற்கு முன்னால் வேலை என்ன என்று எழுதிக்கொள்ள வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. என் வேலை எனக்குத் தெரியாதா என்று எழுத உட்கார்ந்தேன். மூன்று பக்கம் வந்தது. அதில் இரண்டு பக்கம் 'எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று சொல்வது'. முப்பத்தோரு வருஷத்தில் என் பெரிய வேலை கைகாட்டி மரம் வேலை. அந்த இரண்டு பக்கத்தையும் அடித்துவிட்டு, மிச்சம் ஒரு பக்கத்துக்குத்தான் ஆள் வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

அடுத்து தாளில் இருந்தது இது: கேள்விகளை முன்னாலேயே எழுதிவைத்துக்கொள், வருகிற எல்லாரிடமும் அதே கேள்வியைக் கேள். ஆமாம், இல்லை என்று பதில் வருகிற கேள்வி வேண்டாம். என்ன செய்வாய் என்று கேட்காதே, ஆளாளுக்கு வானத்தை வளைப்பார்கள். என்ன செய்தாய் என்று கேள். நீ ஒரு பங்கு பேசினால் அவர் மூன்று பங்கு பேச வேண்டும். கேட்டுவிட்டுச் சும்மா இரு, பதில் முடிந்ததாகத் தோன்றினாலும் இன்னும் கொஞ்சம் சும்மா இரு, அதற்குப் பிறகு வருவதுதான் நிஜம். இந்த இடத்தில் மட்டும் ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி: 'இது உங்களுக்குக் கஷ்டம்.' அவள் கையெழுத்து. நாலு தாளிலும் எனக்கென்று அவள் எழுதியது அது ஒன்றுதான்.

கஷ்டம்தான். அதனால் ஒரு டப்பா புதினா மிட்டாய் வாங்கினேன். கேள்வி கேட்டதும் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வது, கரையும்வரை வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். பழகிப் பார்க்க, மூட்டை என்று நாம் கூப்பிடுகிற பேக்கிங் ஆளை எதிரில் உட்காரவைத்தேன். பத்தொன்பது வருஷத்தில் கடையில் அவன் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான். வேலையில் உனக்கு வந்த பெரிய கஷ்டம் என்ன, அதை எப்படிச் சமாளித்தாய் என்று தாளைப் பார்த்துக் கேட்டேன். மிட்டாய் பாதி கரையும்வரை மேலே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, நீங்கள்தான் முதலாளி, பழகிவிட்டது என்றான். எழுந்துபோய் அட்டைப்பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டான். கேள்வி வேலை செய்கிறது என்று தெரிந்தது.

விடுமுறை நாள் மத்தியானம் வரச் சொன்னேன். ஷட்டரைப் பாதி இறக்கி, பின்னால் கோடவுனில் மேஜையைத் துடைத்து, ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலி போட்டேன். ஃபோனை டிராயருக்குள் வைத்துப் பூட்டினேன். மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆள் கேட்ட கேள்விக்கெல்லாம் தன் மாமனாரைப் பற்றியே பேசினான். இரண்டாவது ஆள் இதுவரை தப்பே செய்ததில்லை என்றான். இரண்டு மிட்டாய் கரைந்தபிறகும் செய்ததில்லை என்றான். எழுதி வைத்துக்கொண்டு நன்றி சொல்லி அனுப்பினேன்.

மூன்றாவது ஆள் ஒரு அம்மா. நீ சிரிப்பாய், சிரி. மூடிப்போன நூல் மில்லில் பன்னிரண்டு வருஷம் ஸ்டோர் பார்த்தவர். நாற்பத்தைந்து வயசு இருக்கும். பை நிறையக் காகிதம் கொண்டுவரவில்லை, ஒரு பேனாவும் சின்ன நோட்டும் மட்டும்.

செய்த தப்பு ஒன்று சொல்லுங்கள் என்றேன். மிட்டாயைப் போட்டுக்கொண்டேன். ஒரு முறை தவறான பேரிங்கைக் கொடுத்தனுப்பியதில் ஒரு ஷிப்ட் முழுக்க மெஷின் நின்றதாம். எங்கே நான் உச்சுக்கொட்டிவிடுவேனோ என்று மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளினேன். அவரே தொடர்ந்தார். யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்னால் ஃபோர்மேனிடம் போய் என் கை என்று சொன்னாராம். அந்த மாதம் முழுவதும் ஸ்டோரில் ஒவ்வொரு பெட்டிக்கும் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டினாராம், கண் தெரியாதவன் வந்தாலும் தப்பாக எடுக்கக் கூடாது என்று.

பேச்சு மட்டும் போதாது, கொஞ்சம் வேலையும் கொடுத்துப் பார் என்று தாளில் இருந்தது. என் மேஜைக்குப் பக்கத்திலிருந்த பேரிங் ட்ரேயைக் கொண்டுவந்து, நம்பர் வாரியாகப் பிரிக்கச் சொன்னேன். கால் மணியில் முடித்தார். ஐந்தை மட்டும் தனியாகத் தள்ளி வைத்தார். அவை ஒரே நம்பர்தானே என்றேன். நம்பர் ஒன்றுதான், பின்னால் வரும் எழுத்து வேறு. இது ரப்பர் மூடி, அது தகர மூடி என்றார். கையில் வாங்கிப் பார்த்தேன். எனக்கு அந்த எழுத்து தெரியவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன், அப்போதும் தெரியவில்லை. மூன்று மாதமாகச் சரக்கு மாறிப்போகிறது என்று பட்டறைக்காரர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நான் மூட்டையைத்தான் திட்டினேன். அவனும் வாங்கிக்கொண்டான். இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. எல்லாம் தலைக்குள் இருக்கிறது என்று எழுதினேனே, அந்தத் தலைக்கு முன்னால் இருக்கிற கண் போய்க்கொண்டிருக்கிறது.

கடைசிப் பத்து நிமிஷம் வந்தவர் கேட்கட்டும் என்று தாளில் இருந்தது. அந்த அம்மா நோட்டைத் திறந்தார். மூன்று கேள்வி எழுதி வைத்திருந்தார். ஏன் எந்தப் பெட்டியிலும் பெயர் இல்லை என்றார். சொன்னேன். நீங்கள் இல்லாதபோது விலையை யார் முடிவுசெய்வது என்றார். நான் இல்லாத நாளே கிடையாது என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார். எனக்கு ஏனோ வெட்கமாக இருந்தது.

மூன்றாவது கேள்விக்குப் பேனாவை மூடிவிட்டார். "உங்க வீட்டுல யாராவது இந்த நாற்காலியைக் கேட்டிருக்காங்களா? நான் வந்து எல்லாத்தையும் சரி பண்ணி வச்சப்புறம், எழுந்திருன்னு சொல்லக் கூடாது பாருங்க."

நியாயமான கேள்வி. வேலைக்கு வருகிறவர் கேட்கவேண்டியதுதான். மிட்டாய் கரைந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது, டப்பாவை மூடி ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

"ஒருத்தி கேட்டா. அப்ப அவளுக்கு இருபத்திரண்டு வயசு. நான்தான் வேணாம்னுட்டேன்" என்றேன்.

நீ அன்று சமையலறையில் இருந்தாய். நான் நம் மகளிடம் சொன்னதெல்லாம் உன் காதில் விழுந்திருக்கும். பெட்டி தூக்க முடியாது, பட்டறைக்காரனிடம் பேசத் தெரியாது, நாலாயிரம் நம்பர் தலையில் நிற்காது, பெண்பிள்ளைக்கு இந்த எண்ணெய்க் கை எதற்கு என்று அடுக்கினேன். நல்ல சரக்கு என்று தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்ததால்தான் வாய் அப்படிப் போயிற்று. கொஞ்சம் இறங்கி வந்தால் கைக்குள் இருப்பாள் என்று நினைத்தேனோ என்னவோ. கண்ணாடிக்காரர் டீயைப் பாதியில் வைத்தார். அவள் முழுவதும் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

அந்த அம்மா, அவள் திரும்பக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். நான் மேஜையில் கிடந்த பேரிங்குகளை ட்ரேயில் அடுக்கினேன். யோசித்து நாலு நாளில் சொல்கிறேன் என்று எழுந்துகொண்டார். ஆமாம், அவர்தான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

தாளில் இருந்தபடி மில் ஃபோர்மேனுக்கும் ஃபோன் போட்டேன். மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன், ஆனால் முதலாளி செய்கிற தப்பையும் அந்த அம்மா எழுதி வைக்கும், உங்களுக்கு ஒத்துவருமா என்றார்.

இன்றோடு மூன்று நாள் ஆயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கிருந்து மூன்று ரேக் சந்தும் தெரியும் என்று தேடிப் பிடித்துப் போட்ட இடம் இது. தெருவும் தெரிகிறது என்பதை இப்போதுதான் கவனித்தேன். ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். சும்மா நடக்கிறார்கள். ஒருவன் கையில் ஒன்றும் இல்லாமல் முனைவரை போய் அப்படியே திரும்பி வந்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்த அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால், சாவியைத் தபாலில் அனுப்பிவிடுகிறேன். அதற்குமேல் உன்னைக் காக்கவைப்பது நியாயம் இல்லை.

பேத்தியின் கையை விடாமல் பார்த்துக்கொள். சோபா முனை கூர்மையாக இருந்தால் துணி சுற்றி வை.

கடைக்காரன்

*

என் வீட்டுக்காரிக்கு,

வந்துவிட்டார். நாலாம் நாள் காலை, ஷட்டர் தூக்கும்போதே வந்து நின்றார்.

பெயர் எழுதி ஒட்டினால் எதிர்க்கடைக்கு எல்லா விவரமும் போய்விடுமே என்ற பயம் எனக்கு இருந்தது உண்மை. அதையும் அவரிடமே கேட்டுவிட்டேன். போனால் போகட்டும், உங்களுக்கு ஊருக்குப் போகவேண்டுமா, ரகசியம் வேண்டுமா என்றார். கண்ணாடிக்காரருக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசுகிறவர் இவர்தான். இந்த முறை நான் மூக்கைச் சுளிக்கவில்லை.

இப்போது நான் ரேக் ரேக்காக நின்று வாயால் சொல்கிறேன், அவர் எழுதுகிறார், மூட்டை ஒட்டுகிறான். இரண்டு ரேக் முடிந்தது. எழுத்து பெரியதாக இருக்கிறது, எனக்கே தெரிகிறது. சிலது என் ஞாபகத்தில் ஒரு இடத்தில் இருக்கிறது, ரேக்கில் வேறு இடத்தில் இருக்கிறது. அப்படி அகப்படும்போது அந்த அம்மா அடித்துவிட்டுத் திருத்தி எழுதுகிறார். மூட்டை மட்டும் இருமுகிறான். நேற்று அவனிடம், மூன்று மாதம் நீ திட்டு வாங்கியதெல்லாம் என் கணக்கில் என்றேன். தெரியும் முதலாளி என்றான். எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை.

டிக்கெட் எடுத்தாயிற்று. போக மட்டும்தான். திரும்புகிற தேதியை நீ சொல், அப்போது எடுத்துக்கொள்ளலாம். பீரோ சாவியைக் கையோடு கொண்டுவருகிறேன். வாங்கி வைத்துக்கொள்வதும், என் பைக்குள்ளேயே திருப்பிப் போடுவதும் உன் இஷ்டம். எதுவானாலும் நான் பேரம் பேசமாட்டேன். மிட்டாய் டப்பாவும் வருகிறது. ஜட்ஜம்மா எதிரில் உட்கார்ந்து என்னை எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கட்டும்.

ஒப்பந்தத்தை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதைக் கீழே அப்படியே எழுதுகிறேன். மகள் பக்கத்தில் இருக்கும்போது சத்தமாகப் படி. முழுவதும் படி, நடுவில் நிறுத்திவிடாதே.

நீங்கள் நாலு பேரும் நன்றாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையையும் சேர்த்துத்தான்.

உன் கடைக்காரன்

ஒப்பந்தம்: சம்பளம், அந்த அம்மா கேட்ட தொகை, குறைத்துக் கேட்கவில்லை. ஆறு வாரத்துக்குள் எல்லாப் பெட்டிக்கும் பெயர், எல்லா ரேக்குக்கும் எண். விலைப் பட்டியல் எழுத்தில். ஆறு வாரம் முடிந்ததும் முதலாளி ஊருக்குப் போவார். இரண்டு மாதம் முடிவதற்கு முன் கடைப் பக்கம் வரக் கூடாது. சனிக்கிழமை நாலு மணிக்கு அரை மணி நேரம் ஃபோன். மற்ற நாள் கிடையாது. கல்லா நாற்காலி அந்த அம்மாவுக்கு. முன்பு ஒரு முறை இந்த நாற்காலியைக் கேட்டவள் திரும்ப வந்து கேட்டால், கேள்வி எதுவும் இல்லாமல் அது அவளுக்கு. அப்படியானால் அந்த அம்மாவுக்கு மூன்று மாத முன்னறிவிப்பு, மூன்று மாதச் சம்பளம்.